பெரியவனோட அப்பா உள்ளே வரவும்

அத்தியாயம் 11

போன வாரம் கடுகண்ணாவை வீட்டில் மீன் குழம்பு ஆறிப்போனதோடு நாம் எழுந்து வந்துவிட்டோம். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தான் பெற்றீசியா அந்தச் செய்தியைச் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் கம்பனி ஒரு பேசும் மெசினைச் செய்திருக்கிறது. தொலைபேசி அடித்தால் அதுவே எடுக்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று எதில் கேட்டாலும் அதில் பதில் சொல்லும். வைத்தியரைப் பார்க்க நம்பர் போட்டுக் கொடுக்கும். முதல் மெசின் கண்டியில் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போகிறது.

"எந்த எடம்மா?" என்று கேட்டார் அவள் அப்பா கபிரியேல்.

பெற்றீசியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளைப் பெற்ற மதலேனா இத்தனை வருடமாகத் தொலைபேசி எடுத்துவரும் அதே நிலையம்.

அதற்குப் பிறகு யாரும் குழம்பைத் தொடவில்லை. பூனைக்கு மட்டும் அன்று பெருநாள்.

இன்று திங்கட்கிழமை. மெசின் வேலைக்குச் சேரும் நாள்.

விடிந்ததும் மதலேனா அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏற்றியவள் வாய் திறக்காமல் நின்றாள். என்னவென்று கேட்பது? மெசின் நன்றாகப் பேசட்டும் என்று கேட்டால் நிலையத்தில் தான் உட்காரும் கதிரை போய்விடும். மெசின் தடுமாறட்டும் என்று கேட்டால் மகளின் வேலை போய்விடும். பெற்றீசியாவின் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிலையத்துக்காரர் மெசினை ஏற்றுக்கொண்டால்தான் அவள் நிரந்தரம் என்று கம்பனி சொல்லிவிட்டது.

"என்ன, அந்தோனியாரோட சண்டையா?" முச்சக்கரவண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார் கபிரியேல்.

"என்ன கேக்குறதுன்னே தெரியலைங்க."

"ஒனக்கும் கேட்டு மகளுக்கும் கேட்டா அவருக்குத் தல சுத்திரும். காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான் அவரு வேல. நமக்கு இன்னும் ஒண்ணும் காணாமப் போகலையே!"

மதலேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உமது சித்தம்" என்று மட்டும் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பெற்றீசியாவின் சோற்றுப் பார்சலைக் கட்டும்போது வழக்கத்தைவிட ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எம் மேல கோவமில்லையாம்மா?"

"கோவம் கோவந்தான். அதுக்குன்னு பட்டினி போடுவாங்களா? தலையத் தொவட்டு, ஈரம் சொட்டுது."

பெற்றீசியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் அப்பா ஹோர்ன் அடித்தார். இருவரும் முச்சக்கரவண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து பெற்றீசியா கம்பனி வேனில் போய்விட்டாள். மதலேனாவுக்காக ரபீகா காத்திருந்தாள். நிலையத்தில் மதலேனாவுக்குப் பக்கத்துக் கதிரை அவளுடையது. பக்கத்து ஒழுங்கையில் வீடு. ஐந்து வயது மகனையும் உம்மாவையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான், கணவன் கட்டாரில். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். ஒருத்திக்கு சீட் கிடைத்தால் மற்றவளின் பை அவள் மடிக்கு வந்துவிடும்.

"மதலேனாக்கா, மெசின் தேத்தண்ணி குடிக்குமா?" பஸ் பிலிமத்தலாவையைத் தாண்டும்போது ரபீகா கேட்டாள்.

"அது எங்க குடிக்கும்?"

"லீவு கேக்குமா? மகனுக்குக் காய்ச்சல்னு சொல்லுமா? பஸ் வரல்லன்னு சொல்லுமா?" ரபீகா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அப்ப நம்மள எதுக்கு அக்கா வச்சிருப்பாங்க?"

மதலேனா மடியிலிருந்த ரபீகாவின் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நிலையம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மெசின் என்று பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான். அப்பம் சுடும் சட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓரத்தில் பச்சை வெளிச்சம். பக்கத்தில் ஒரு திரை. கம்பனி அதற்கு வாணி என்று பேர் வைத்திருந்தது.

உரிமையாளர் தியாகராஜா காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். "இண்டைக்கு ஒரு நாள் நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டிலயும் கை வைக்கவேண்டாம். இருந்து கேளுங்கோ. பின்னேரம் நான் வாறன், வந்து ஒரு முடிவு சொல்லுறன்." யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாதி வாழ்நாளைக் கண்டியிலேயே கழித்துவிட்ட மனிதர். நல்லவர். ஆனால் கணக்குப் பார்த்துத்தான் நல்லவராக இருக்க முடிகிற காலம் இது.

தொலைபேசி அடித்தது. பழக்க தோஷத்தில் இருவர் கையும் ஒன்றாக நீண்டு, ஒன்றாகத் திரும்பிவந்தன.

"வணக்கம். நான் வாணி. நீங்கள் எந்த வைத்தியரைச் சந்திக்க விரும்புகிறீர்கள்?"

நல்ல குரல். தொண்டை கரகரப்பில்லை, சலிப்பில்லை. அடுத்த அழைப்பைச் சிங்களத்தில் பேசியது. அதற்கடுத்து ஆங்கிலம் பேசும் ஒரு பெரிய மனிதரிடம் அவரைவிடப் பணிவாகப் பேசியது. கோபித்தவரிடம் மன்னிப்புக் கேட்டது. மதலேனாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு பக்கம் பெருமை, மறு பக்கம் பாரம். 'எம் பிள்ள செஞ்சது' என்று ஒரு மனம் சொன்னது. 'ஒன் கதிரையத் தூக்கத்தான் செஞ்சா' என்று இன்னொன்று சொன்னது. எந்த மனத்தை உட்காரச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

"அலோ... தாயி, நெஞ்சு டாக்டருக்கு இன்னிக்கு ஒரு நம்பரு வேணும். கம்பளைக்கு மேல இருந்து பேசுறேன், தோட்டத்துக் கடப் போனு இது." நன்றாகக் கரகரத்த, வெற்றிலை வாசம் வீசுவது போன்ற குரல்.

"நோயாளியின் பெயரைக் கூறுங்கள்."

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

"நோயாளியின் பெயர், எங்க வீட்டுக்காரர். சரியா?"

"ஆமா தாயி, அவருக்கேதான்!"

"இருதய வைத்தியர். இலக்கம் ஏழு. மாலை நான்கு மணிக்கு வரவும். நன்றி."

ரபீகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மதலேனாவும் சிரித்துவிட்டாள். தேயிலைத் தோட்டத்துப் பெரிய மனுசிகளுக்குப் புருசன் பேரைச் சொல்லும் வழக்கமில்லை. வெட்கமும் மரியாதையும் சேர்ந்து நாக்கைக் கட்டிவிடும். இது இந்த மலைநாட்டில் யாருக்குத்தான் தெரியாது? வாணிக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்குவதற்குள் திரும்பவும் அடித்தது. திரையில் அதே கடையின் இலக்கம். ஆனால் குரல் வேறு. மெல்லிசான, பயந்த குரல்.

"அம்மா, நெஞ்சு டாக்டரப் பாக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு காலெல்லாம் வீங்கிருச்சு."

"நோயாளியின் பெயரைக் கூறுங்கள்."

"அதான்மா, எங்க வீட்டுக்காரரு."

"இந்தத் தொலைபேசியிலிருந்து எங்க வீட்டுக்காரர் என்ற பெயரில் ஏற்கனவே பதிவு உண்டு. இலக்கம் ஏழு உறுதி செய்யப்பட்டது. நன்றி."

"ஏழு. நல்லதும்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றது மெல்லிய குரல்.

மதலேனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கிழவர்கள். இரண்டு நெஞ்சுகள். ஒரே ஏழாம் நம்பர்.

அந்த வைத்தியர் கொழும்பிலிருந்து வருபவர். திங்கட்கிழமை மட்டும்தான் வருவார். இலக்கங்கள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பின்னேரம் ஒருவர் உள்ளே போவார். மற்றவர் வெளியே நிற்பார்.

"இது தப்பாயிருச்சே ரபீகா. பெற்றீசியாவுக்குச் சொல்லணும்." அவள் தன் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

ரபீகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா இருங்க அக்கா. ஒண்ணுமே செய்யாதீங்க. நம்மள கை வைக்க வேண்டாமுன்னுதானே சேர் சொன்னாரு? பின்னேரம் அவர் இங்க நிக்கிற நேரம் ரெண்டு பேரும் ஒரே நம்பரோட வந்து நிப்பாங்க. மெசினத் தூக்கி வெளிய வச்சிருவாரு. நாம பொய் சொல்லல்ல, களவு செய்யல்ல. அல்லாஹ்வாப் பாத்து தந்த வழி இது."

மதலேனா கையை விடுவிக்கவில்லை. ரபீகா சொன்னதில் நியாயம் இல்லையென்று யார் சொல்லமுடியும்? அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்த வருடம்தான் சேர்ந்தது.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மதலேனா படிக்கட்டைப் பார்த்தாள். மேலே வர நல்ல உயரம். வீங்கிய காலோடு, கம்பளையில் ஒரு பஸ், கண்டிக்கு ஒரு பஸ், குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி மழையில் நடந்து, இந்தப் படியேறி வந்த மனிதரிடம் 'உங்களுக்கு நம்பர் இல்லை, அடுத்த திங்கள் வாங்க' என்று சொல்லப்போவது யார்? வாணி சொல்லாது. வாணிக்கு அந்த முகம் தெரியாது. பார்த்துச் சொல்ல வேண்டியது மதலேனாதான். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிக் காப்பாற்றிக்கொண்ட கதிரையில் நாளைக்கு எப்படி உட்காருவது?

"ரபீகா, கதிரைய யாரோ தருவாங்க, யாரோ எடுப்பாங்க. அந்த மனுசனுக்கு அடுத்த திங்கக்கிழமையைத் தர நம்மால ஏலுமா?"

ரபீகா பிடியை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீதியில் பஸ்காரன் "பேராதெனிய, பேராதெனிய" என்று கூவினான்.

"நீங்க மகளுக்குக் கோல் எடுங்க" என்றாள் கடைசியில், திரும்பிப் பார்க்காமலே. "கடைக்கு நான் அடிக்கிறேன். ரெண்டாவது கதச்ச மனுசிட சத்தம் எங்க உம்மாட சத்தம் மாதிரியே இருந்திச்சு."

மதலேனா மகளிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"பெற்றீசியா? கேக்குதா?"

"கேக்குதும்மா. நம்ம தோட்டத்துப் பெரியம்மாவும் இப்படித்தானே? எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் ஞாபகம் வரலையே... நீங்க இத எங்கிட்ட சொல்லாம இருந்திருந்தா..."

"கத பேச நேரமில்ல. நம்பர் முடியப்போகுது. ஓடி வா."

அதற்குள் ரபீகா கடைக்காரரைப் பிடித்து, இரண்டு பெண்களையும் தொலைபேசிக்கு அழைக்க வைத்துவிட்டாள். கரகரத்த குரல் மூக்காயி. மெல்லிய குரல் வேலாயி. தங்கள் பேரைச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"சரி மூக்காயி அக்கா, இப்ப வீட்டுக்காரரு பேரு?" என்றாள் மதலேனா.

"அட, நான் எப்புடித் தாயி சொல்லுவேன்!"

"சொல்ல வேணாம். சாடையாக் காட்டுங்க."

"அவரு நெறத்தப் பாத்தாத் தெரியும். அதத்தான் பேரா வச்சிருக்காக."

"கறுப்பையாவா?"

மறுபக்கம் ஒரு பெருஞ்சிரிப்பு. "அதேதான்! எங்கன பாத்தீக அவர?"

அடுத்தது வேலாயி. வெட்கத்தில் அவளுக்கு வார்த்தை வரவே நேரமானது. "எங்க கோயில்ல நாக்க நீட்டிக்கிட்டு நிக்குமே ஒரு சாமி... அது பாதி. மீதிய கழுத்துல மாலையாப் போடுவாங்க. கடல்ல எடுப்பாங்களாம்."

"பவளமா?" என்றாள் ரபீகா ஆர்வத்தோடு.

"வெள்ளையா இருக்கும்மா."

"முத்து! காளிமுத்து!" ரபீகா மேசையில் தட்டினாள். பரிசு விழுந்தவள் போல அவள் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்த முகத்தில் காணாத மலர்ச்சி.

பெற்றீசியா மழையில் நனைந்தபடி படியேறி வந்தாள். மதலேனா துவாலையை நீட்டினாள். மகள் தலையைத் துவட்டவில்லை, மடிக்கணினியைத்தான் துடைத்தாள். மூவரும் திரைக்கு முன்னால் தலைகளை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கறுப்பையாவுக்கு ஏழு. காளிமுத்துவுக்கு, மிச்சமிருந்த கடைசி இலக்கங்களில் ஒன்று. பிறகு பெற்றீசியா வாணிக்குப் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்தாள். யாராவது வீட்டுக்காரர் என்று சொன்னால், பேரைக் கேட்டு வற்புறுத்தாமல், அழைப்பை ஒரு மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"அம்மா," என்றாள், விரல்கள் தட்டிக்கொண்டிருக்க, "நீங்களும் அப்பா பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லையே?"

"ஏன் சொல்லாம? செபமாலையில கபிரியேல் தூதர்னு தெனமும் சொல்றேனே."

"அது வேற கபிரியேல்!"

"ஒங்கப்பாவுக்கும் செட்ட மொளச்சா அவரையும் கூப்பிடுறேன்."

ரபீகா சிரித்தாள். "நானும் எங்க அவர 'மகன்ட வாப்பா'ன்னுதானே சொல்றேன். நல்லவேள, வாணிக்கு நான் கோல் எடுக்கல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டபோதாவது மூவரில் ஒருத்திக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மனித மூளையும் சில நேரம் பச்சை வெளிச்சம் எரிகிற பெட்டி மாதிரிதான்.

பின்னேரம் கூடம் நிறைந்துவிட்டது. குடைகளிலிருந்து சொட்டிய நீர் வாசலில் குளமாய்க் கிடந்தது. மூக்காயி தம்பதியும் வேலாயி தம்பதியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். கறுப்பையா உண்மையிலேயே பேருக்கேற்றவர். காளிமுத்து படியேறி வந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். மதலேனா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். தியாகராஜா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் நின்றார். நம்பர் கூப்பிடுவதும் வாணிதான்.

"இலக்கம் ஏழு. கறுப்பையா உள்ளே வரவும்."

கறுப்பையா எழுந்து போனார். தியாகராஜா தலையை ஆட்டினார். பெற்றீசியாவுக்கு மூச்சு வந்தது.

எட்டு, ஒன்பது, பத்து. எல்லாம் ஒழுங்கு.

"இலக்கம் பதினொன்று. பெரியவனோட அப்பா உள்ளே வரவும்."

கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலு பேர் எழுந்தார்கள். இரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த கணவர்மாரை விலாவில் இடித்தார்கள். "என்னங்க, ஒங்களத்தான்!" ஒரு கிழவர் "எங்க பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டபடி வாசலைப் பார்த்தார். கதவருகே மூன்று பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பெரியவனோட அப்பா உள்ளே வரவும்" என்றது வாணி, மறுபடியும், அதே பணிவோடு.

கூடம் சிரிப்பில் வெடித்தது. நெஞ்சு நோயாளிகள் இவ்வளவு சிரிக்கலாமா என்று உள்ளேயிருந்து வைத்தியரே எட்டிப் பார்த்தார். மதலேனா கூட்டத்துக்குள் புகுந்து, "காலையில பெரியவனோட அப்பான்னு கோல் எடுத்தது யாரு வீட்ல? நாங்க தோட்டத்துக் கடையோட பேசிட்டிருந்த நேரம் வந்திருக்கும்." என்று கேட்டாள். ஓரத்தில் ஒரு அம்மாள் முக்காடு போட்ட தலையைக் குனிந்தபடி கை தூக்கினாள். பக்கத்தில் இருந்தவர் இருளப்பன். தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

தியாகராஜா சிரிக்கவில்லை. மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது?"

மதலேனா வாயெடுப்பதற்குள் பெற்றீசியா முன்னால் வந்து நின்றாள்.

"பிழை என்னோடது சேர். எங்க ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் மெசினுக்குச் சொல்லிக் குடுக்கல. இன்னும் ஒண்ணும் சொல்லணும். காலையில இதவிடப் பெரிய பிழை நடந்திச்சு. ரெண்டு நோயாளிக்கு ஒரே நம்பர் போயிருச்சு. அம்மாவும் ரபீகாக்காவும் கண்டுபிடிச்சுச் சரியாக்கினாங்க. அவங்க சும்மா இருந்திருந்தா அந்தக் கால் வீங்கினவரு இன்னிக்கு வெறுங்கையோட திரும்பியிருப்பாரு. வீட்டுக்காரர் மட்டுந்தான்னு நெனச்சேன். பெரியவனோட அப்பாவ மறந்துட்டேன்."

சொல்லவேண்டிய தேவையே இல்லாததை அவள் சொல்லிவிட்டாள். மதலேனாவுக்குக் கண் கலங்கியது. காலையில் அந்தோனியாரிடம் கேட்கத் தெரியாமல் நின்றது இதைத்தானோ என்னவோ.

தியாகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம். விளங்குது. உம்மட மெசினில நான் குறை சொல்லேல்லை. இண்டைக்கு அது எடுத்த கோல் இவையள் ரெண்டு பேராலயும் எடுக்கேலாது. நிக்கட்டும். உங்கட கம்பனிக்கு நான் எழுதுறன், நல்லா எழுதுறன்." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "ஆனால் பக்கத்தில ஒரு ஆள் வேணும். ஒரு ஆள். ரெண்டு பேருக்குச் சம்பளம் கட்டாது, நான் பொய் சொல்லேல்லை. ஆர் எண்டு நீங்களே கதைச்சு நாளைக்குக் காலமை சொல்லுங்கோ."

மகளின் வேலை நிலைத்தது. கதிரை ஒன்றும் நிலைத்தது. ஒன்றேதான் நிலைத்தது.

வெளியே வந்தபின் மதலேனாவும் ரபீகாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "சேருக்குத் தேத்தண்ணி குடுத்துட்டு வாறேன்" என்று ரபீகா கோப்பையோடு உள்ளே போனாள். வர வழக்கத்தைவிட நேரமானது. பிறகு மதலேனா, அலுமாரிச் சாவியைக் கொடுக்கவேண்டும் என்று சொல்லி உள்ளே போனாள். அவளும் உடனே வரவில்லை.

கீழே கபிரியேல் முச்சக்கரவண்டியோடு நின்றார்.

"கண்டியில ஆளேத்த ஒரு ஹயர் வந்தேன்" என்றார்.

"எங்க ஹயர்?" என்றாள் மதலேனா.

"நீங்கதான்."

பின் சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். பெற்றீசியா நடுவில். மழை விட்டிருந்தது. பேராதனைப் பாலத்தில் வாகன நெரிசல். கபிரியேல் கதை முழுவதையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

"நாளைக்கு ஆளில்லாத ஓட்டோவும் வருமாமே? வரட்டும். கடுகண்ணாவை வளைவுல எதிர்ல கொள்கலன் லொறி வந்தா யாரு கூட சண்ட போடும்னு பாப்போம்."

பெற்றீசியா சிரிக்கவில்லை. "அம்மா, உண்மையச் சொல்றேன். வாணி இன்னிக்கு தெரியாதத நாளைக்குப் படிச்சுக்கும். சாடையாச் சொன்னாக்கூட ஒரு நாள் பேரக் கண்டுபிடிக்கும்."

"அப்ப அந்த ஒத்தக் கதிரையும்?"

"தெரியலம்மா. எனக்கே தெரியல."

மதலேனா மகளின் ஈரம் காயாத தலையைத் தடவினாள். "படிக்கட்டும். நல்லதப் படிக்கட்டும். கால் வீங்கினவருக்கு முக்காலி போடவும் சேத்துச் சொல்லிக் குடு."

பிலிமத்தலாவை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மதலேனாவின் தொலைபேசி அடித்தது. தியாகராஜா. ஓட்டோ சத்தத்தில் கேட்காதென்று ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"மதலேனா, என்ன விளையாட்டு இது? தேத்தண்ணியோட வந்து ரபீகா, 'கதிரைய மதலேனாக்காவுக்குக் குடுங்க சேர், அந்த நோயாளிக்காக மொதல்ல எழும்பினது அவதான்' எண்டு சொல்லிப்போட்டுப் போறா. பிறகு நீர் வந்து, 'ரபீகாவுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, அவளுக்கே குடுங்க' எண்டுறீர். ரெண்டு பேரும் வேண்டாமெண்டால் நாளைக்கு அந்தக் கதிரையில ஆர் இருக்கிறது, நானோ?"

பெற்றீசியா இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். ரபீகாவின் கை அவளைத் தாண்டி வந்து மதலேனாவின் கையைத் தேடிப் பிடித்தது.

"யா அல்லாஹ், அக்கா! நீங்களுமா?"

"நீ ஏன்டி சொன்ன?"

"ரெண்டு பேரும் கேளுங்கோ," என்றார் தியாகராஜா. "நான் வீட்டில இருந்து யோசிச்சன். எனக்கு ஒரு வழி தெரியுது. ஆனால் அதுக்கு நீங்கள் ரெண்டு பேரும், அந்தப் பிள்ளை பெற்றீசியாவும் சம்மதிக்கவேணும். வழி என்னெண்டால்..."

வண்டி மலையை ஒட்டிய வளைவில் திரும்பியது. குரல் கரகரத்தது. பிறகு ஒன்றுமில்லை. திரையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அலோ? சேர்? அலோ?"

கபிரியேல் வண்டியை ஓரங்கட்டினார். நால்வரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கண்டியிலிருந்து வரும் ரயில் கூவிக்கொண்டு மலையேறியது.

"மதலேனா," என்றார் கபிரியேல் மெதுவாக, "அந்தோனியாருக்கு இப்பத்தான் வேல வந்திருக்கு. காணாமப் போன சிக்னலக் கேளு."